இயல் 7: மீட்புக் கருவிகளை வண்டிக்குள் வைத்தலும் கட்டுதலும்

சேற்றிலோ மணலிலோ புதைந்த வண்டியை வெளியே எடுக்கப் பயன்படும் இழுவைப் பட்டை, ஷேக்கிள், கப்பி, மணற்பலகை, மண்வாரி, ஜாக்கி முதலியவை மீட்புக் கருவிகள் என்ற பொதுப்பெயரால் வழங்குகின்றன. அவற்றை எங்கே வைத்து, எவ்வாறு கட்டி எடுத்துச் செல்வது என்பதே இந்த இயலின் பொருள். கருவிகளைப் பயன்படுத்தும் முறையைப் பற்றிப் பேசும் அளவுக்கு, வைக்கும் முறையைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அது அவரவர் வசதிக்கு விடப்பட்டுவிடுகிறது. ஆனால் ஒரு மீட்புக் கருவி தன் ஆயுளில் வேலை செய்யும் நேரம் மொத்தம் சில மணிகளே; மற்ற நாளெல்லாம் அது வண்டிக்குள் பயணிகளோடு பயணியாக, பெரும்பாலும் அவர்களுடைய தலைக்குப் பின்னால், சீட் பெல்ட் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

ஒரு கருவிக்கு இடம் ஒதுக்கும்போது இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். வண்டி சட்டென்று நின்றாலோ கவிழ்ந்தாலோ இந்தப் பொருள் எங்கே போகும் என்பது ஒன்று. வண்டி நகர வழியின்றிச் சாய்ந்து கிடக்கும்போது இது எப்படிக் கைக்கு வரும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றையொன்று இழுப்பவை. எல்லாவற்றையும் அடியில் போட்டு இறுகக் கட்டினால் முதல் கேள்வி தீரும், மாலை மங்கிய நேரத்தில் முழங்கால் சேற்றில் நின்று கட்டை அவிழ்ப்பவருக்கு இரண்டாவது தீராது. எல்லாம் கைக்கெட்டும்படி இருக்கையின் மேலும் காலடியிலும் போட்டு வைத்தால் நிலைமை தலைகீழாகும். முரண் எழும் இடத்தில் முதல் கேள்விக்கே முன்னுரிமை என்பது இந்நூலின் நிலைப்பாடு. கட்டை அவிழ்க்கக் கூடுதலாகச் செலவாகும் ஐந்து நிமிடத்தால் எவருக்கும் காயம் ஏற்படுவதில்லை.

இந்தியச் சூழலில் இச்சிக்கல் சற்றுக் கூடுதலானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது; வண்டியின் முன்புறம் பொருத்தப்படும் காப்புக் கம்பிகளின் மீது நடவடிக்கை எடுக்குமாறு மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநில அரசுகளுக்கு எழுதியது. இதனால் எஃகு பம்பர், வெளித்தாங்கி என்று கருவிகளை வண்டிக்கு வெளியே மாட்டும் வாய்ப்பு குறுகி, சட்டத்துக்கு உட்பட்டு நடக்க விரும்புபவரின் சுமை முழுவதும் உள்ளே வந்துவிடுகிறது. உள்ளேயோ இடம் இல்லை. ஐந்து கதவு ஜிம்னி வண்டியில் பின்னிருக்கை நிமிர்ந்திருக்கும்போது டிக்கியின் கொள்ளளவு 208 லிட்டர். மூன்று கதவு தார் வண்டியில் நான்கு பேர் அமர்ந்தபின் எஞ்சுவது ஒரு கைப்பெட்டிக்கான இடம்.

எடையும் வேகமும்

ஷேக்கிள் என்பது வில்போல் வளைந்த எஃகு உடலும், தோட்டைக் காதில் நிறுத்தும் திருகாணியைப் போல அதன் வாயை மூடி நிற்கும் முளையும் சேர்ந்த இணைப்புக் கருவி. 4.75 டன் வேலைச்சுமை, அதாவது பாதுகாப்பாக ஏற்றத்தக்க உச்சச் சுமை, குறிக்கப்பட்ட ஒரு ஷேக்கிளின் எடை ஏறத்தாழ ஒரு கிலோ. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியில் அதுவும் அதே வேகத்தில்தான் செல்கிறது. வண்டி மோதி நின்றாலும், கட்டப்படாத ஷேக்கிள் நிற்காது. அந்த வேகம், ஒரு பொருள் ஏறத்தாழ பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து தரையைத் தொடும் வேகத்துக்குச் சமம். மூன்றாம் மாடியிலிருந்து கீழே நிற்பவரின் தலைமேல் ஒரு ஷேக்கிளைப் போட எவரும் துணியமாட்டார். அதைத் திறந்த டிக்கியில் போட்டுவிட்டு, பின்னிருக்கையில் குழந்தையை உட்கார வைத்து நெடுஞ்சாலையில் செல்பவர் ஏராளம். வேகம் 80 கிலோமீட்டரானால் அந்த உயரம் 25 மீட்டராகிறது என்பதையும் கருத வேண்டும். காட்டுப் பாதையில் வண்டி மணிக்குப் பத்து, பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை; ஆபத்து மிகுந்த பகுதி அந்தக் காட்டுக்குப் போகும் தார்ச்சாலைதான்.

கனமான கருவிகளுக்கு இதே கணக்கை விசையாகப் பார்ப்பது பொருத்தம். 50 கிலோமீட்டர் வேகத்தில் சென்று மோதிய வண்டியின் முன்பகுதி அரை மீட்டர் நசுங்கி நின்றால், உள்ளே கட்டப்பட்டிருக்கும் ஒவ்வொரு பொருளும் அந்தக் கணத்தில் தன் எடையைப் போல் சராசரியாக இருபது மடங்கு விசையுடன் முன்னோக்கி இழுக்கிறது. ஹை-லிஃப்ட் எனப்படும் 48 அங்குல உயர ஜாக்கி ஏறத்தாழ 13 கிலோ. ஆகவே அதைப் பிடித்திருக்கும் கட்டு 260 கிலோ அளவுக்குத் தாங்க வேண்டும். பின்னிருக்கையின் சாய்வு அதைத் தடுத்துவிடும் என்று நினைப்பதற்கு ஓரளவே இடமுண்டு. ஐக்கிய நாடுகள் வாகன விதிமுறை 17 இன்படி நடத்தப்படும் இருக்கைச் சோதனையில், தலா 18 கிலோ எடையும் 30 சென்டிமீட்டர் பக்கமும் கொண்ட இரண்டு கனசதுரக் கட்டைகளே இருக்கைக்குப் பின்னால் வைத்து மோதவிடப்படுகின்றன. அகன்ற முகம் கொண்ட கட்டையைத் தாங்கும் இருக்கை, கூர்முனையுள்ள இரும்புத் தண்டையும் அவ்வாறே தாங்கும் என்று கொள்ள முடியாது.

எடையைப் பற்றிய இன்னொரு கணக்கு பெரும்பாலோரின் கண்ணில் படுவதே இல்லை. ஐந்து கதவு ஜிம்னியின் உயர்ரகம் வெறும் வண்டியாக 1,210 கிலோ. சுமையோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1,545 கிலோ. இடைப்பட்ட 335 கிலோவில், ஆளுக்கு 70 கிலோ என்று நான்கு பேர் ஏறினால் 280 போய்விடும், எஞ்சுவது 55. அதற்குள்தான் தண்ணீரும் துணிமணியும் சமையல் சாமானும் அடங்க வேண்டும். பட்டைகளும் ஷேக்கிள்களும் கொண்ட பை ஒன்று 15 கிலோ, ஒரு சோடி மணற்பலகை ஏழெட்டு கிலோ, காற்றடிக்கும் கருவி ஐந்தாறு கிலோ, உயர ஜாக்கி 13 கிலோ என்று கூட்டிப்பார்த்தால், எதை எங்கே வைப்பது என்பதற்கு முன்பாக எதை வீட்டில் விட்டுவிடுவது என்ற கேள்வி எழுகிறது. அதில் முதலாவதாக விடத்தக்கது உயர ஜாக்கியே. நெகிழிப் பம்பரோடு தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே இருக்கும் வண்டியில் அதன் நாக்கு பிடித்துத் தூக்க உறுதியான இடமே இல்லை. எஃகு பம்பரோ பக்கவாட்டு எஃகுத் தண்டோ பொருத்திய வண்டிக்கு உரிய கருவியை, பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது என்பதற்காகச் சுமந்து திரிவதில் பயனில்லை. வண்டியோடு வந்த ஜாக்கியும், அதன் அடியில் வைக்க ஒன்றரை அங்குலத் தடிமனுள்ள நல்ல மரப்பலகை ஒன்றும் பெரும்பாலான இடங்களில் வேலையை முடித்துவிடும்.

தாழ்வும் நடுவும்

சுமையை வைக்கும் இடம் எவ்வளவுக்குத் தாழ்வாகவும், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவிலும் இருக்கிறதோ அவ்வளவுக்கு நல்லது. கூரையில் ஏற்றும் எடை வண்டியின் ஈர்ப்பு மையத்தை, அதாவது மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளத்தக்க புள்ளியை, மேலே தூக்குகிறது. எடுத்துக்காட்டாக, 1,200 கிலோ எடையும், தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு மையமும், சக்கரங்களுக்கிடையே 1.4 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு வண்டியைக் கருதலாம். அதன் கூரையில் 1.85 மீட்டர் உயரத்தில் 60 கிலோ ஏற்றினால் ஈர்ப்பு மையம் ஏறக்குறைய 71 சென்டிமீட்டருக்கு உயர்கிறது. அசையாமல் நிற்கும் நிலையில் வண்டி கவிழத் தொடங்கும் சாய்வுக் கோணம் 47 பாகையிலிருந்து 45க்கும் சற்றுக் கீழே இறங்குகிறது. இரண்டரைப் பாகைதானே என்று தோன்றலாம். ஆனால் சுருள்வில்கள் ஒரு பக்கம் அமுங்கி, மேற்புறச் சக்கரம் ஒரு கல்லில் ஏறும் கணத்தில், அந்த 47 ஏற்கெனவே பெருமளவு கரைந்திருக்கும். எஞ்சிய சிறு ஒதுக்கத்திலிருந்துதான் கூரைச்சுமை தன் பங்கை எடுக்கிறது. மூன்று கதவு ஜிம்னியின் கையேடு கூரைக்கு அனுமதிக்கும் சுமை 30 கிலோதான், அதுவும் கேரியரின் எடையையும் சேர்த்து. மணற்பலகை போன்று நீளமான ஆனால் எடை குறைந்தவை கூரைக்குப் போகலாம். ஷேக்கிள், சங்கிலி, ஜாக்கி, கம்பிவட வின்ச் போகக் கூடாது.

பின்னிருக்கையில் ஆள் அமரும் பயணத்தில், கனமான பையை டிக்கியின் தரையில் இருக்கையின் சாய்வோடு ஒட்டி வைக்க வேண்டும். இடைவெளி விட்டால் பை வேகம் பிடித்துவந்து மோதும், ஒட்டியிருந்தால் அழுத்த மட்டுமே செய்யும். இருவர் மட்டும் செல்லும் பயணத்தில் பின்னிருக்கையை மடித்துவிட்டு, முன்னிருக்கைகளுக்குப் பின்னால் உள்ள கால்வைக்கும் பள்ளத்தில் கனமானவற்றை இறக்குவது சிறப்பு. வண்டிக்குள் அதைவிடத் தாழ்வான, நடுவான, நாற்புறமும் சுவருள்ள இடம் வேறு இல்லை. ஓட்டுநரின் காலடியில் மட்டும் எதுவும் கிடக்கக் கூடாது. ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் கட்டாமல் செருகிய தீயணைப்பான், இறக்கத்தில் உருண்டுவந்து பிரேக் மிதிக்கு அடியில் சிக்கினால் என்ன நேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இழுப்பறைகள் அழகானவை, ஒழுங்கு தருபவை. சிறிய வண்டிக்கு ஏற்றவையல்ல. மரத்தாலோ இரும்பாலோ செய்த ஓர் இழுப்பறைச் சட்டம், உள்ளே ஒரு பொருளும் வைக்காத நிலையிலேயே 40 கிலோவைத் தொட்டுவிடும்; மேலே கண்ட 55 கிலோக் கணக்கில் அதற்கு இடமில்லை. பின்கதவு ஒரு கரையில் முட்டித் திறக்க முடியாதபோது முழு இழுப்பறையும் பூட்டிய அலமாரியாகிவிடும் என்பது அதன் இன்னொரு குறை.

கட்டும் முறை

கட்டு என்பதில் மூன்று பகுதிகள் உண்டு: பொருளைச் சுற்றும் நாடா, நாடாவை இறுக்கும் பூட்டு, நாடா பற்றிக்கொள்ளும் கொளுக்கி. இவற்றில் மூன்றாவதே பெரும்பாலும் பலவீனமாக அமைகிறது. வண்டியின் தரையில் தொழிற்சாலையே பொருத்திய வளையங்கள் இருந்தால் அவற்றின் தாங்குதிறனைக் கையேட்டில் பார்த்துப் பயன்படுத்தலாம். இல்லாத நிலையில், மெல்லிய தகட்டில் துளையிட்டுக் கொளுக்கியை முடுக்குபவர், தகட்டின் அடியில் குறைந்தது உள்ளங்கை அளவுள்ள எஃகுப் பட்டயம் ஒன்றை வைத்து நட்டுப் போட வேண்டும்; வெறும் வாஷரோடு நிறுத்தினால் கடும் இழுப்பில் தகடு கிழிந்து போல்ட் அப்படியே வெளியே வந்துவிடும். துளையிடும் முன் வண்டியின் அடியில் படுத்து, எரிபொருள் தொட்டி, பிரேக் குழாய், மின்கம்பி ஆகியவை அந்த இடத்தில் செல்லவில்லை என்று கண்ணால் உறுதி செய்ய வேண்டும். சீட் பெல்ட்டின் போல்ட்டையும் குழந்தை இருக்கைக்கான கொளுக்கியையும் இதற்காகத் தொடக் கூடாது.

நாடாக்களில், இரும்புப் பற்சக்கரம் கொண்டு இறுக்கும் ராட்செட் பெல்ட்டே கனமான பொருள்களுக்கு உரியது. தரமான பெல்ட்டில் தைத்திருக்கும் சிட்டை அதன் கட்டுதிறனை டெக்காநியூட்டன் என்ற அலகில் குறிக்கும். ஒரு டெக்காநியூட்டன் என்பது ஏறத்தாழ ஒரு கிலோ எடையின் விசை என்று கொள்ளலாம். ஐரோப்பியத் தரநிலைப்படி அச்சிட்டையின் நிறமே நாடாவின் பொருளைச் சொல்லிவிடும்: நீலம் பாலியெஸ்டரையும், பச்சை நைலானையும், பழுப்பு பாலிப்ரொப்பிலீனையும் குறிக்கும். கட்டுவதற்கு நீட்சி குறைந்த பாலியெஸ்டரே ஏற்றது. இருசக்கர வண்டியின் பின்னால் பெட்டி கட்டப் பயன்படும் ரப்பர் கயிற்றால் எதையும் கட்டக் கூடாது. பொருளை இடத்தில் நிறுத்தும் ஆற்றல் அதற்கில்லை. குலுக்கலில் சத்தம் வராமல் பார்த்துக்கொள்ளும், மோதலில் நீண்டு கொடுத்துப் பொருளைக் கவண்கல்லாக ஆக்கிவிடும்.

பொருளின் மேல் குறுக்காகப் போட்டுத் தரையை நோக்கி இறுக்கும் கட்டுக்கும், பொருளின் கைப்பிடியிலோ வளையத்திலோ நுழைத்துப் பின்னோக்கி இழுத்துப் பிடிக்கும் கட்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. முன்னது பொருளுக்கும் தரைக்கும் இடையேயான உராய்வையே நம்புகிறது. வழுக்கும் நெகிழித் தரையில், மண் தூவிய நிலையில், அந்த உராய்வு மிகக் குறைவு. பின்னதில் நாடாவின் முழு வலிமையும் நேராக வேலை செய்கிறது. சரக்கு லாரிகளுக்கான ஐரோப்பியக் கணக்கில், முன்னோக்கிப் பொருளின் எடையில் 0.8 பங்கும், பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 0.5 பங்கும் தாங்கும் கட்டு போதும் என்று கொள்ளப்படுகிறது. அது கடும் பிரேக்குக்கான கணக்கு, மோதலுக்கானது அன்று. பயணியும் சரக்கும் ஒரே அறையில் இருக்கும் வண்டிக்கு அதைப் பின்பற்றுவது போதாது. மேலும், கரடுமுரடான பாதையில் வண்டி கவிழ்வது அரிய நிகழ்ச்சியன்று என்பதால், மேல்நோக்கிய பிடிப்பும் தேவை. எளிய சோதனை ஒன்று உண்டு: கட்டி முடித்த பொருளை இரு கையாலும் பற்றி மேலே, முன்னே, பக்கவாட்டில் முழுப் பலத்தோடு உலுக்கிப் பார்க்க வேண்டும், இரண்டு விரற்கடைக்கு மேல் அசைந்தால் கட்டு தளர்ந்தது என்று பொருள். கரடுபாதையில் நுழைந்து முதல் பத்து, இருபது கிலோமீட்டரில் பைகள் அமுங்கி எந்தக் கட்டும் தளரும் என்பதால், அந்தத் தூரத்தில் ஒருமுறை நிறுத்தி மீண்டும் இறுக்குவது வழக்கமாக வேண்டும்.

கைக்கெட்டும் வரிசை

புதைந்த வண்டியை மீட்கும் வேலைக்கு ஓர் இயல்பான வரிசை உண்டு. கையுறை முதலில் வருகிறது. பிறகு காற்றழுத்தமானியும் காற்றை இறக்கும் கருவியும். அப்புறம் மண்வாரி, மணற்பலகை. கடைசியாகத்தான் பட்டையும் ஷேக்கிளும். டயரின் காற்றைக் குறைத்து, சக்கரத்தின் முன் மண்ணை வாரினாலே பாதி வண்டிகள் வெளியே வந்துவிடும். வைக்கும் வரிசையும் இதையே பின்பற்ற வேண்டும். கையுறையும் அழுத்தமானியும் எடை குறைந்தவை, ஆகவே கதவுப் பையில் இருக்கலாம். பட்டைப் பை அடியில் இருந்தாலும் குற்றமில்லை.

தார், ஜிம்னி, கூர்க்கா ஆகிய மூன்று வண்டிகளிலும் பின்கதவு பக்கவாட்டில் திறப்பது. ஸ்டெப்னியும் அதன் மேலேயே தொங்குவது. பக்கச்சாய்வில் நிற்கும் வண்டியில், கீல் மேட்டுப் பக்கம் அமைந்தால், திறந்த கதவு தானே வீசி மூடி, அங்கே நிற்பவரை அடிக்கும். கீல் பள்ளத்துப் பக்கம் அமைந்தால் திறந்ததும் ஸ்டெப்னியின் எடையோடு கீழே போய் மோதும். ஓடைக் கரையில் பின்புறம் அமிழ்ந்த வண்டியிலோ அதைத் திறக்கவே முடியாது. எனவே பட்டை ஒன்று, ஷேக்கிள் இரண்டு, மண்வாரி ஒன்று ஆகியவை பக்கக் கதவு வழியாகவும் எடுக்கும்படி இருக்க வேண்டும். இதைச் சரிபார்க்க, வீட்டு வாசலில் ஓர் இரவு பின்கதவைத் திறக்காமல், விளக்கும் போடாமல், பட்டையை எடுக்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கலாம். ஓட்டுநர் மட்டுமன்றி உடன் வருபவரும் இதைச் செய்து பார்க்க வேண்டும்; அடிபட்டுக் கிடப்பவர் ஓட்டுநராகவே இருக்கக்கூடும்.

தீயணைப்பானும் பெல்ட் அறுக்கும் கத்தியும் இந்த வரிசைக்கு வெளியே நிற்பவை. தலைகீழாகப் பெல்ட்டில் தொங்கும் ஒருவரின் கை எட்டும் தூரத்தில், இரும்புப் பட்டை கொண்ட தாங்கியில், போல்ட் போட்டு நிறுத்திய தீயணைப்பானே பயன்படும்.

அணியாகச் செல்லும் பயணத்தில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நேர்கிறது. ஐந்து வண்டிக்கும் சேர்த்து நல்ல பட்டை ஒன்றே இருக்கும். அது தண்ணீரில் பாதி மூழ்கிய வண்டியின் டிக்கியில் இருக்கும். முதல் வண்டியிலும் கடைசி வண்டியிலும் முழுமையான ஒரு தொகுதி இருப்பதும், மற்ற வண்டிகளில் எதில் எது உள்ளது என்று புறப்படும் முன்பே எல்லோரும் தெரிந்துகொள்வதும் இதற்கான ஏற்பாடு.

பைக்குள் நடப்பவை

இரும்பும் துணியும் ஒரே பையில் கிடக்கக் கூடாது. குலுங்கும் வண்டியில் ஷேக்கிளின் திருகுவரி, பக்கத்தில் கிடக்கும் பட்டையை அரம் போல் அராவிக்கொண்டே வரும். இழைகள் தேய்ந்தது வெளியே பஞ்சு பிரியும்போதுதான் தெரியும். இரண்டு பைகளாகப் பிரிப்பது ஒருவர் ஒரு கையால் தூக்கும் எடைக்குள் ஒவ்வொன்றையும் வைத்திருக்கவும் உதவுகிறது. ஷேக்கிள் ஒவ்வொன்றையும் அதன் முளையைக் கையால் திருகி மூடி, பழைய காலுறை ஒன்றுக்குள் போட்டு முடிந்துவைப்பது செலவில்லாத வழி; சத்தமும் வராது. ஒரு ஷேக்கிளின் முளையை இன்னொன்றில் மாட்டக் கூடாது என்பதால் உடலையும் முளையையும் பிரித்து வைப்பதே தவறு. சணல் சாக்கு இதற்கெல்லாம் ஏற்றதன்று. அது ஈரத்தை இழுத்து வைத்திருந்து இரும்பில் துருவை ஏற்றிவிடும். கடற்கரையில் ஓடிய பயணமென்றால், உப்பு போக எல்லா இரும்புச் சாமான்களையும் நன்னீரில் அலசி, துடைத்து, திருகுவரியில் மெல்லிய எண்ணெய் தடவ வேண்டும். முன் பம்பரின் கொக்கியில் ஷேக்கிளை நிரந்தரமாகத் தொங்கவிடும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. திருகுவரியில் மண் இறுகி, தேவையான நேரத்தில் முளை கழலாமல் நிற்பதும், சாலையில் நடப்பவரின் முழங்காலுக்கு நேராக ஓர் இரும்புக் குண்டு நீட்டிக்கொண்டிருப்பதும் இந்த அலங்காரத்தின் விலை.

பட்டைகளில் இரு வகை உண்டு, இரண்டின் பகைகளும் வேறு. ஸ்னாட்ச் பட்டை எனப்படும் இழுவைப் பட்டை நைலானால் நெய்யப்பட்டது. இழுக்கும்போது ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு வரை நீண்டு, அந்த நீட்சியில் சேர்ந்த ஆற்றலால் புதைந்த வண்டியைப் பிடுங்குகிறது. மரத்தைச் சுற்றும் பட்டையும் வின்ச்சின் நீட்டிப்புப் பட்டையும் நீளாத பாலியெஸ்டரால் ஆனவை. நைலானை அமிலம் அரிக்கும். மின்கலத்தின் அருகே, கந்தக அமிலத்தின் ஆவி படும் இடத்தில் அதை வைக்கக் கூடாது. பாலியெஸ்டரை வலுவான காரம் கெடுக்கும். சேறு போகட்டுமென்று சலவைச் சோடாவில் ஊறவைக்கக் கூடாது. இரண்டுக்கும் வெறும் தண்ணீரே போதும். நைலான் ஈரத்தில் வலிமை இழப்பது. ஆஸ்திரேலியாவில் இப்பட்டைகளுக்கான கட்டாயத் தரநிலை, ஊறிய பட்டையின் வலிமையும் நீட்சியும் குறையும் என்ற எச்சரிக்கையைப் பட்டையோடு கொடுக்கச் சொல்கிறது. ஆற்றைக் கடந்து வந்த பட்டையை அப்படியே சுருட்டிப் பைக்குள் அடைத்தால், பூஞ்சை மட்டுமன்றி உள்ளே தங்கிய நுண்மணலும் அதைக் கெடுக்கும். தேரிக்காட்டுச் செம்மணல் போன்ற நுண்மணல் நெசவுக்குள் புகுந்தால் ஒவ்வொரு இழுப்பிலும் இழைகளை உள்ளிருந்தே அறுக்கும். அலசி, நிழலில் உலர்த்தி, பிறகே மடிக்க வேண்டும். வெயிலில் உலர்த்துவது விரைவு என்றாலும், புற ஊதாக் கதிர் எல்லாச் செயற்கை இழைக்கும் பகை. மடிக்கும்போது பாம்பு வளைவாக முன்னும் பின்னும் மடித்து, இரு முனைக் கண்களும் மேலே தெரியும்படி வைத்தால், எடுத்ததும் இரு பக்கமும் இழுத்துச் செல்லலாம். முடிச்சு போடவே கூடாது; சுமை ஏறிய முடிச்சு அவிழாது, பட்டையின் வலிமையையும் பெருமளவு குறைத்துவிடும்.

மென்ஷேக்கிள் என்பது டைனீமா என்ற வணிகப்பெயரால் பரவலாக அறியப்படும் பாலிஎத்திலீன் இழையில் பின்னிய கயிற்று வளையம். எடை மிகக் குறைவு, தண்ணீரில் மிதக்கும், பறந்துவந்து தாக்கினாலும் எஃகளவு காயம் செய்யாது; சிறிய வண்டிக்கு எஃகு ஷேக்கிளைவிட இதுவே பொருத்தம் என்று துணிந்து சொல்லலாம். வெப்பம் மட்டும் அதற்கு ஆகாது. நைலானும் பாலியெஸ்டரும் 200 பாகை செல்சியஸைத் தாண்டியே உருக, இது 150 பாகைக்கு அருகிலேயே உருகிவிடும். 70 பாகைச் சூட்டில் நெடுநேரம் கிடந்தாலே வலிமை குறையத் தொடங்கும். சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய வண்டியின் டேஷ்போர்டு அந்தச் சூட்டைத் தொடும் என்பதால், கண்ணாடிக்கு அருகில் அதை மாட்டிவைப்பது கூடாது. காற்றடித்து முடித்த கருவியின் உலோகத் தலை தொட முடியாத அளவு சூடாக இருக்கும். ஆறுவதற்குள் அதைப் பட்டைப் பைமேல் வைப்பதும் அப்படியே. பெட்ரோல் கேனுக்கு வண்டியின் உள்ளே எங்குமே இடமில்லை.

மண்வாரி, கோடாரி போன்ற முனையுள்ளவற்றுக்குத் தடித்த தோலிலோ, நீளவாக்கில் பிளந்த தோட்டத்து ரப்பர் குழாயிலோ உறை செய்து வாயில் செருகி, இரண்டு இடங்களில் கட்ட வேண்டும். நீண்ட பிடியுள்ள மண்வாரிக்கு இடமில்லாத வண்டியில் மம்பட்டி நல்ல மாற்று. வண்டியின் அடியில் தட்டிய மணலை வெளியே இழுக்க அதன் வளைந்த தலையே வசதி. பிடியைத் தட்டிக் கழற்றித் தலையைத் தனியாக மடித்த சாக்கில் சுற்றிவைக்கலாம், பிடி இருக்கையோரம் படுத்துக்கொள்ளும். ஈரத்தில் ஊறிய பிடி கண்ணுக்குள் உப்பி இறுகிவிடும் என்பதால் திரும்பும் வழியிலேயே கழற்றிவிடுவது நல்லது.

ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் பையை முழுவதுமாகக் கொட்டி, பட்டையைக் கைகளுக்கிடையே நீளவாட்டில் இழுத்துத் தடவிப் பார்க்க வேண்டும். விளிம்பில் வெட்டு, தையலில் பிரிவு, உருகி இறுகிய பளபளப்பு, கண்ணருகே விறைப்பு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்தாலும் அந்தப் பட்டை கழிக்கத்தக்கது. வலிமையைக் குறித்த சிட்டை அழிந்துபோன பட்டையும் அவ்வாறே. அது எந்த எடைக்கானது என்று அறிய வேறு வழி கிடையாது. கழித்த பட்டையைப் பையிலேயே ஒரு மூலையில் விட்டுவைத்தால், அவசரத்தில் யாரேனும் அதை எடுத்துக் கொளுவிவிடுவார்கள். இரு கண்களையும் வெட்டி எறிந்துவிட்டு, மீதியை ஒரு முழத் துண்டுகளாக நறுக்கினால், ராட்செட் பெல்ட் கூர்விளிம்பில் உராயும் இடங்களில் அடியில் கொடுக்க அவை உதவும்.